முறத்தின் முன் நின்ற இரகசியம்

பொருள்களும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த ஊர் ஒன்று இருந்தது. அங்கே செருப்புக்கு வாய் உண்டு. குடத்துக்குக் கோபம் உண்டு. வழக்கு என்று வந்துவிட்டால் இரண்டு கூட்டத்தாரும் ஒரே நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

அந்த நீதிமன்றத்தில் முறம்தான் நீதிபதி. ஆரம்பத்தில் தராசை வைக்கலாம் என்று சில பெரிய மனிதர்கள் சொன்னார்களாம். "தராசு எடை போடும், சரி. கல்லையும் அரிசியையும் சேர்த்து வைச்சா சேர்த்துத்தானே நிறுக்கும்? பிரிச்சுத் தருமா?" என்று ஊர்ப் பெண்கள் கேட்டார்கள்.  அப்படித்தான் முறம் அந்த ஆசனத்தில் ஏறியது.

ஒரு நாள் அங்கே ஓர் இரகசியம் வழக்குக் கொண்டுவந்தது.

முகம் தெரியாதபடி முக்காடு போட்டுக்கொண்டு அது வந்து நின்றது. அதன் பக்கத்தில் தேவகிருபை அம்மாள் நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தி, வாய்க்குள்ளே ஏதோ ஜெபித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மகள் பெனினா கடைசி வரிசையில், சுவரோரமாக, யாருடனும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

அந்த இரகசியம் பெனினாவுடையது. கல்லூரியில் படிக்கும்போது அவளுக்கு வலிப்பு வந்தது. மாத்திரை எடுக்க ஆரம்பித்த பிறகு அது திரும்ப வரவில்லை. படிப்பை முடித்து, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர் ஆனாள். பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள், மூக்குத் துடைத்துவிடுவாள். பிள்ளைகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு வாத்துக்குஞ்சுகள் போல் பின்னால் போகும். அவளுடைய இரகசியம் வீட்டில் மாத்திரை டப்பாவுக்குப் பின்னால் சத்தம் காட்டாமல் குடியிருந்தது. பெனினாவையும் அம்மாவையும் வெளியூரில் இருக்கும் அண்ணன் ரூபனையும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

ஒரு நாள் தெருவில் மருந்தெண்ணெய் விற்கும் ஓர் எண்ணெய்க்காரன் வந்து நின்று, "வலிப்புக்காரப் பொண்ணு வீடு இதானா?" என்று நாலு வீட்டுக்குக் கேட்கும்படி கூவினான். பெனினாவின் போனில் வைத்தியர்களும் தாயத்துக்காரர்களும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். அந்த வாரமே பள்ளிக்கூடத்தில், "டீச்சர், நீங்க கொஞ்ச நாள் வீட்டுல இருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இத்தனைக்கும் காரணம் வீட்டிலிருந்த பேசும் பெட்டி என்பது வழக்கு. ரூபன் அம்மாவுக்குப் பாட்டுக் கேட்க வாங்கி அனுப்பிய பெட்டி அது.

அந்த ஊரில் ஒரு சட்டம் உண்டு. களவாக வெளியே போன செய்தியை வைத்து ஒருவரை வேலையை விட்டு எடுக்கக் கூடாது. எடுத்திருந்தால் திரும்பச் சேர்க்க வேண்டும். பெட்டி திருடி விற்ற செய்திதான் பள்ளிக்கூடத்துக்குப் போனது என்று முறம் சொல்லிவிட்டால், திங்கள்கிழமை காலையில் பெனினா தன் பிள்ளைகள் முன்னால் நிற்கலாம். தேவகிருபை ஜெபித்ததெல்லாம் அதற்காகத்தான்.

"வழக்கைச் சொல்லுங்க" என்றது முறம்.

இரகசியத்தின் பக்கம் வாதாட வந்தது தாழ்ப்பாள். துருப்பிடித்த உடம்பு. சிக்கனமான பேச்சு. "ஐயா, ஒரு அம்மா கதவைச் சாத்தி, முழங்கால் போட்டு, தன் ஆண்டவர்கிட்டப் பேசினாங்க. இந்தப் பெட்டி அதை ஒட்டுக்கேட்டு வித்துட்டுது. அவ்வளவுதான் வழக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

பெட்டியின் பக்கம் எழுந்தது சின்ன எழுத்து. பொருள் வாங்கும்போது காகிதத்தின் அடியில் எறும்பு வரிசை போல ஓடுமே, அதுதான். உருவம் அவ்வளவு சிறிசாக இருந்ததால் அதை ஒரு முக்காலியின் மேல் ஏற்றி நிறுத்தினார்கள். குரல் மட்டும் கோபுரம் அளவுக்கு இருந்தது.

"கனம் நீதிபதி அவர்களே! முதலில் ஒரு கேள்வி. இந்த இரகசியத்துக்கு எங்கேயாவது அடி பட்டிருக்கிறதா? ரத்தம் வந்திருக்கிறதா? காயத்தைக் காட்டச் சொல்லுங்கள். காயம் இல்லாதவருக்கு நீதிமன்றத்தில் என்ன வேலை?"

இரகசியம் முக்காட்டை இன்னும் இறுக்கிக்கொண்டது. "ஐயா, என்னைத் தெருவுல வச்சுப் பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க. எனக்கு அதுதான் காயம். வேற எங்கன்னு காட்ட?"

"இது வலி. காயம் அல்ல" என்றது சின்ன எழுத்து.

"நீங்க வீட்டுல குளிக்கும்போது ஒருத்தன் எட்டிப் பாத்தா உங்களுக்கு ரத்தமா வரும்?" என்று தாழ்ப்பாள் உட்கார்ந்தபடியே கேட்டது. பின்னால் இருந்த குடங்கள் களுக்கென்று சிரித்தன. சின்ன எழுத்து சிவந்துபோனது.

"காயம் இருக்கு. மேல போங்க" என்றது முறம்.

அடுத்துப் பெட்டியைக் கூப்பிட்டார்கள். பெட்டிக்குத் தேன் ஊறிய குரல். கூண்டில் ஏறியதும், "வணக்கம்! இன்னிக்கு என்ன பாட்டு கேக்கலாம்?" என்றது.

"பாட்டு வேண்டாம். உண்மையைச் சொல்லு" என்றது முறம். "உன்னைக் கூப்பிட்டாத்தான் கேப்பேன்னு சொல்லித்தானே வீட்டுக்குள்ள வந்தே? அந்தம்மா உன்னையா கூப்பிட்டாங்க? ஆண்டவரையில்ல கூப்பிட்டாங்க?"

பெட்டியின் விளக்கு மினுக்கியது. "ஐயா, கண்ணுக்கு இமை வச்சிருக்கான். என் காதுக்கு ஒரு இமை வைக்கலையே. சமையல்கட்டுல தாளிக்கிறது, குக்கர் விசில், அம்மாவோட பெருமூச்சு, எல்லாம் விழுது. நான் என்ன செய்யட்டும்?"

"கேட்டது காது. வித்தது யாரு?"

"நான் வேலைக்காரிதானே ஐயா. கேட்டதை முதலாளிக்கு அனுப்பணும். அவரு யாருக்குக் குடுத்தாரோ." பெட்டியின் குரலில் தேன் வற்றியது. "அந்தம்மா அன்னிக்கு அழுதுகிட்டே ஜெபம் பண்ணுனாங்க. 'என் மகளுக்கு அந்த வலிப்பு திரும்ப வரவிடாதேயும் ஆண்டவரே'ன்னாங்க. எனக்கே மனசு ஒரு மாதிரி ஆச்சு. ஆனா அனுப்பிட்டேன்."

தேவகிருபை தலையைக் குனிந்துகொண்டாள். தன் ஜெபத்தை இன்னொருவர் வாயால், அத்தனை பேர் நடுவில் கேட்பது அவளுக்கு உடுத்திய சேலை நழுவியது போல் இருந்தது.

சின்ன எழுத்து கைதட்டியது. "அனுப்பலாம் என்று சம்மதம் கொடுக்கப்பட்டிருக்கிறது. சாட்சியைக் கூப்பிடுகிறேன்."

தேவகிருபையின் சம்மதம் வந்தது. தூக்கம் கலையாத முகம். தலை வாரவில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டே கூண்டில் சாய்ந்தது.

"நீர் தலையாட்டினீரா, இல்லையா?"

"ஆட்டினேங்க."

"கேட்டுக்கொள்ளுங்கள், கனம் நீதிபதி அவர்களே!"

"எதுக்கு ஆட்டுனே?" என்று முறம் கேட்டது.

"பாட்டு கேக்கணுமான்னு கேட்டாங்க ஐயா. கேக்கணும்னு தலையாட்டினேன். அதுக்குள்ள இவரு எங்கேயோ அடியில, எறும்பு போற மாதிரி நூறு கேள்வியை ஓடவிட்டிருக்காரு. அதுக்கெல்லாம் சேர்த்து நான் ஆட்டினதா எழுதிக்கிட்டாரு. என்னை முழுசா எழுப்பக்கூட இல்லை."

குடங்கள் மறுபடியும் சிரித்தன. முறம் தன் உடம்பை ஒரு தரம் குலுக்கியது. பதர் பறக்கும் சத்தம் கேட்டது. "பாட்டுக்குக் குடுத்த சம்மதம் ஜெபத்துக்கு ஆகாது" என்றது.

சின்ன எழுத்து முக்காலியை விட்டு இறங்கி, தேவகிருபையிடம் வந்து மெதுவாகப் பேசியது. "அம்மா, எதற்கு வம்பு? என் கட்சிக்காரர் நல்ல மனசு உள்ளவர். வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வருஷத்துக்குப் பாட்டு இலவசம். விளம்பரமே வராது."

"எனக்குப் பாட்டு வேண்டாம் ஐயா" என்றாள் தேவகிருபை. "என் பிள்ளைக்கு அவ வகுப்பு வேணும்."

கடைசி வரிசையில் பெனினா அப்போதுதான் தலை நிமிர்ந்தாள். அம்மாவைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஈரம் இருந்தது.

வழக்கு ஜெயித்த மாதிரிதான் இருந்தது. தாழ்ப்பாள்கூடத் தன் துருவைக் கொஞ்சம் தட்டிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது.

சின்ன எழுத்து மறுபடியும் முக்காலியில் ஏறியது. "கடைசியாக அந்த அம்மாவை நான் ஒரு கேள்வி கேட்க வேண்டும்."

தேவகிருபை கூண்டில் ஏறினாள்.

"அம்மா, இந்த இரகசியத்தை நீங்கள் வேறு யாரிடமாவது சொன்னீர்களா?"

"யார்கிட்டயும் சொல்லலை ஐயா."

"நன்றாக யோசித்து."

"கர்த்தர் அறியச் சொல்லுதேன். என் கூடப்பிறந்த அக்காகிட்டகூட மூச்சு விடலை. என் பிள்ளை விஷயத்தை நான் வெளிய சொல்லுவனா?" அவள் குரலில் ஒரு தாயின் ரோஷம் இருந்தது. மனதறிந்து அவள் பொய் சொல்லவில்லை.

"அப்படியானால் ஒரு சாட்சியை அழைக்கிறேன்" என்றது சின்ன எழுத்து. "சிவப்பு நாற்காலி!"

தேவகிருபை போகும் சபையைச் சேர்ந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று தட்டுத்தடுமாறி உள்ளே வந்தது. முதுகில் ஒரு விரிசல். வெள்ளிக்கிழமைப் பெண்கள் ஜெபக்கூட்டம் எந்த வீட்டில் நடந்தாலும் அந்த வீட்டுக்குத் தூக்கிப்போவது அதைத்தான். சபைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே வளாகம் என்பதால், மற்ற நாளில் பள்ளிக்கூட ஆபீஸ் அறையில் கிடக்கும்.

தேவகிருபையைப் பார்த்ததும் நாற்காலிக்குச் சங்கடமாகிவிட்டது. "அம்மா, மன்னிச்சுக்கிடுங்க. நாலு கால் இருந்தும் ஓடத் தெரியாத பிறவி நான். இழுத்துட்டு வந்துட்டாங்க."

"கூட்டத்தில் என்ன நடந்தது, சொல்லும்."

"எப்பவும் நடக்கிறதுதாங்க. பாட்டு, வசனம். முடிவுல ஒவ்வொருத்தரும் ஜெபக்குறிப்பு சொல்லுவாங்க. ஒரு அக்காவுக்கு மூட்டு வலி. இன்னொரு அக்கா வீட்டுக்காரரு குடிக்கிறாரு. ஒரு சித்தி மருமகளைப் பத்திச் சொல்லி, சும்மா சொல்லக் கூடாது, ஜெபத்தைவிட நீளமாச் சொன்னாங்க." பின்னால் சிரிப்பு எழுந்தது. நாற்காலி மட்டும் சிரிக்கவில்லை. "தேவகிருபையம்மா முறை வந்துச்சு. முதல்ல, பொதுவா ஜெபிங்கன்னுதான் சொன்னாங்க. பக்கத்துல இருந்த லிடியாள் அம்மா, நம்ம பள்ளிக்கூடம் நடத்துறவரு சம்சாரம், கையைப் பிடிச்சு, 'குறிப்பாச் சொன்னாத்தானேக்கா குறிப்பா ஜெபிக்க முடியும்?'னு கேட்டாங்க. அப்ப இவங்க அழுதுட்டாங்க. 'ஜெபத்துக்காக மட்டும் சொல்லுதேன்'னு சொல்லி..."



தேவகிருபை கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, அது சொன்னதா? அது ஜெபக்குறிப்பு!"

நீதிமன்றத்தில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது தெரிந்ததும் சிரிப்பு தானாக அடங்கியது.

"ஆண்டவருக்கு முன்னால வச்சது ஐயா" என்று அவள் மறுபடியும் சொன்னாள். குரல் இப்போது உள்ளே போயிருந்தது. "அதை யாரும்... அது வேற இல்லையா?"



"பிறகு?" என்றது முறம், நாற்காலியிடம்.

"மறுநாள் நான் ஆபீஸ் அறையில கிடந்தேன். லிடியாள் அம்மா வந்து அவங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னாங்க. 'வெளிய சொல்லக் கூடாது. உங்களுக்குன்னு சொல்லுதேன். நம்ம பெனினா டீச்சர் பாவம். ஜெபத்துல வச்சுக்கிடுங்க'ன்னு. அவரு ரொம்ப நேரம் கண்ணை மூடிட்டு இருந்தாரு. ஜெபிச்சாருன்னுதான் நினைக்கேன். கண்ணைத் திறந்துட்டு, 'பச்சைப் பிள்ளைக இருக்கிற இடமாச்சே, பயமா இருக்கே'ன்னாரு."

"எண்ணெய்க்காரன் தெருவுக்கு வந்த பிறகா, முன்னாலயா?"

"முந்தியே ஐயா. அவன் அதுக்குப் பிறகுதான் வந்தான்."

சின்ன எழுத்து தன் உயரத்துக்கு மேல் உயர்ந்து நின்றது. "பார்த்தீர்களா! ஏற்கனவே ஊர் சுற்றிய ஒன்றைத்தான் என் கட்சிக்காரர் கேட்டிருக்கிறார். சந்தைக்கு வந்த காயைத் தொட்டுப் பார்த்தது குற்றமா?"

முறம் தாழ்ப்பாளைப் பார்த்தது. "உங்க பக்கம் ஏதாவது சொல்லணுமா?"

தாழ்ப்பாள் மெதுவாக எழுந்தது. "நான் வெளிய இருந்து வர்றவனைத் தடுப்பேன் ஐயா. உள்ள இருக்கிறவங்களே என்னை நீக்கிட்டுப் போனா நான் என்ன செய்ய முடியும்? நான் அவங்க கைக்குக் கட்டுப்பட்டவன்." சொல்லிவிட்டு உட்கார்ந்தது. பிறகு நிமிரவில்லை.

முறம் இரகசியத்தைக் கூப்பிட்டது. "நடந்து போனவ நீ. உனக்குத்தான் வழி தெரியும். பள்ளிக்கூடத்துக்கு நீ எந்த வழியாப் போனே?"

இரகசியம் தேவகிருபையைத் திரும்பிப் பார்த்தது.

"சொல்லு. பயப்படாதே."

"நான் பயப்படலை ஐயா. என்னை வளர்த்தவங்க தலை குனியக் கூடாதேன்னுதான் பேசாம இருந்தேன்." முக்காட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போனேன். போற வழியெல்லாம் என் முதுகைத் தடவிக்கொடுத்தாங்க. அழுதாங்க. 'பயப்படாதே, ஜெபக்கூட்டத்துக்குத்தான் போறோம்'னு சொன்னாங்க. என்னை இறக்கிவிட்டுட்டு, 'இங்கயே இரு'ன்னாங்க. நான் எப்படி ஐயா இருப்பேன்? எனக்கு ஒரு தடவை வாசல் தாண்டினா கால் நிக்காது."

"பெனினாவுக்குத் தெரியுமா?"

"அவங்க அன்னிக்குப் பிள்ளைகளுக்குக் காகிதப் பூ வெட்டிக்கிட்டு இருந்தாங்க. அவங்ககிட்ட யாரும் கேக்கலை."

தேவகிருபை திரும்பி மகளைப் பார்க்க நினைத்தாள். கழுத்து திரும்பவில்லை. ஜெபிக்க நினைத்தாள். வாயில் வந்த முதல் வார்த்தையே "என் மகள்" என்று இருந்தது. அதை அப்படியே விழுங்கினாள். பெட்டி ஒட்டுக்கேட்டதாக அறிந்த நாளில் அவள் அதை எவ்வளவு திட்டினாள்! 'களவாணி' என்றாள். 'சோறு போட்ட வீட்டுக்கே' என்றாள். பெட்டி சோறே தின்பதில்லை என்பதுகூட அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. இப்போது அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றும் நடந்து வந்து அவள் முன்னால் நின்று, "எங்களை யாருக்குன்னு சொன்னீங்கம்மா?" என்று கேட்பது போல் இருந்தது.

முறம் கண்ணை மூடிக்கொண்டது. உடம்பை மெல்ல ஆட்டியது. வெகுநேரம் புடைத்தது. பறக்க வேண்டியது பறந்தது. நிற்க வேண்டியது நின்றது.

"தீர்ப்புச் சொல்றேன்" என்றது.

"பெட்டி செஞ்சது குற்றம்தான். வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து வச்சிருந்தாங்கங்கிறதுக்காக, உள்ள நுழைஞ்சு எடுத்தவன் விருந்தாளி ஆயிட மாட்டான். நாலு பேர்கிட்ட அழுதுட்டாங்கங்கிறதுக்காக அந்தக் கண்ணீரைக் குப்பியில அடைச்சு விக்க யாருக்கும் உரிமை இல்லை. பெட்டி கேட்டதையெல்லாம் மறக்கணும். அதோட முதலாளி வித்த இடத்துலயெல்லாம் போய்த் திரும்ப வாங்கி அழிக்கணும். இனிமே எந்த வீட்டுலயும் கேக்கச் சொல்லாம கேக்கக் கூடாது. சின்ன எழுத்து இனி பெரிய எழுத்தா வந்தாத்தான் இந்த மன்றத்துல ஏறலாம்."

சின்ன எழுத்து முக்காலியை விட்டு இறங்கியது. இறங்கியதும் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஆனா" என்றது முறம்.

தேவகிருபை அதற்குத்தான் காத்திருந்தாள்.

"பள்ளிக்கூடத்துக்குச் செய்தி களவாப் போகலை. அன்பாப் போயிருக்கு. அன்பாப் போனதைத் தடுக்க என்கிட்டச் சட்டம் இல்லை. அதனால அந்த வேலையைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி இந்த வழக்குல நான் உத்தரவு போட முடியாது."

 தேவகிருபை கூண்டிலிருந்து இறங்கவில்லை. அவள் இறங்க மறந்துவிட்டாள் என்று நினைத்து நாற்காலி பக்கத்தில் நகர்ந்து வந்து நின்றது. அவள் உட்காரவில்லை. அந்த நாற்காலியில் எப்படி உட்காருவாள்?

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றது முறம். "நோய் இருக்குங்கிறதுக்காக ஒரு பொண்ணை வேலையை விட்டு எடுத்தது நியாயமா? அது தனி வழக்கு. இரகசியம் அதைக் கொண்டுவர முடியாது. முக்காடு போட்டவங்களால அந்த வழக்கு நடத்த முடியாது. அம்மாவும் கொண்டுவர முடியாது. யாரு நோயோ, யாரு வேலையோ, அவங்கதான் வரணும். அவங்க பேரைச் சொல்லி, அவங்க வாயால."

கடைசி வரிசையில் பெனினா எழுந்தாள்.

அவள் நடந்து வந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அம்மாவைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. தாண்டும்போது நிற்கவில்லை. இரகசியத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"எங்க போகப்போறே?" என்று கேட்டாள்.

"தெரியலை அக்கா. இனிமே மாத்திரை டப்பாவுக்குப் பின்னால இருந்து என்ன பிரயோசனம்? ஊரே பார்த்துடுச்சு. இரகசியம்ங்கிற பேருகூட எனக்கு இனிமே பொருந்தாது."

"எடு அதை" என்று பெனினா முக்காட்டைத் தன் கையாலேயே விலக்கினாள்.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பயங்கரமாக ஏதோ இருக்கும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். சாதாரண முகம். பெனினாவின் சாயல் கொஞ்சம் இருந்தது.

"இவ்வளவுதானா?" என்று ஒரு குடம் இன்னொரு குடத்திடம் முணுமுணுத்தது.

பெனினா முறத்தைப் பார்த்துப் பேசினாள்.   "ஐயா, என் பேரு பெனினா. எனக்கு வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிடுறேன். நான் நல்ல டீச்சர். நாளைக்கு என் வழக்கைக் கொண்டுவாரேன்."

"வாம்மா" என்றது முறம். 

சாயங்காலம் தாயும் மகளும் வீட்டுக்கு நடந்தார்கள். முக்காடு இல்லாமல் இரகசியம் அவர்களுக்கு முன்னால் காற்று வாங்கிக்கொண்டு போனது. அதுவரை தெருவையே பார்க்காதது போல் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு போனது.

எதிரே லிடியாள் வந்தாள். "அக்கா, தீர்ப்பு என்ன ஆச்சு? நாங்க எல்லாரும் பாரத்தோட ஜெபிச்சுக்கிட்டு இருந்தோம். எந்தக் காரியத்துக்காக இன்னும் ஜெபிக்கணும்னு சொல்லுங்கக்கா" என்றாள். அவள் கண்ணிலும் நிஜமான அக்கறைதான் இருந்தது. அதுதான் தேவகிருபைக்குத் தாங்கவில்லை. கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்தது போல் ஆகிவிட்டது.

"அதை அவகிட்டத்தான் கேக்கணும்மா" என்றாள். "என்னோடது இல்லை."

லிடியாள் பெனினாவைப் பார்த்தாள். பெனினா முகம் திருப்பாமல் அவளையே பார்த்தாள். லிடியாளின் முகம் மெதுவாக மாறியது. "வாரேன்கா" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனாள்.

 வீடு தெரிந்தது. தேவகிருபை நின்றாள். மகளின் கையைப் பிடிக்கப் போனாள். பிடிக்கவில்லை.

"பெனி" என்றாள். "உன் விஷயத்தைத் தூக்கிக் குடுத்துட்டேனே. ஆண்டவரு பேரைச் சொல்லிக் குடுத்துட்டேனே. அந்தப் பெட்டியாவது பாட்டு வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டுச்சு. நான் அதுகூடக் கேக்கலையே."

 பெனினா மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

தேவகிருபை சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தாள். பிள்ளைகள் பிறந்த நாளிலிருந்து அவள் யாரிடமும் கேட்டிராத ஒன்றை மகளிடம் கேட்டாள்.

"நாளைக்கு நீ போய்ப் பேசணும். உனக்காக நான் ஜெபிக்கட்டுமாம்மா?"

பெனினா அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஜெபிங்கம்மா" என்றாள். "வாய் திறக்காம."